டியாட்லவ் கணவாய்: அந்த ராத்திரியின் வானிலை எதுவரை சாட்சி சொல்லும்?

உங்கள் கேள்வி இதுதான்: "1959-ல் ரஷ்யாவின் யூரல் மலையில் ஒன்பது பேர் இறந்துபோனார்களே, டியாட்லவ் கணவாய் சம்பவம், அன்றைக்கு மைனஸ் 40 டிகிரி என்கிறார் ஒருவர், மைனஸ் 25 என்கிறார் இன்னொருவர். பனிச்சரிவு என்று முடித்துவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். வானிலையை வைத்து மர்மம் தீர்ந்துவிட்டதா, இல்லையா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த இரவு வானிலை எப்படி இருந்தது என்பது ஒன்று. அதை எந்த அளவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. பெரும்பாலானவர்கள் முதல் கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, அதிலேயே இரண்டாவதுக்கும் பதில் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் வானிலை நோக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் சமவெளியில்தான் இருந்தேன், ஆனால் ஆறு குளிர்காலம் இமாச்சலப் பிரதேசத்தில், மணாலிக்கு மேலே ரோத்தாங் பக்கத்தில், பனி அளக்கிற வேலை. காலையும் மாலையும் வெப்பமானி பார்ப்பது, கம்பத்தில் பனி எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று குறிப்பது, வாரம் ஒருமுறை சரிவில் குழி வெட்டிப் பனியின் அடுக்குகளை வரைவது. யூரல் பக்கம் நான் போனதில்லை. ரஷ்ய மொழியும் தெரியாது, மொழிபெயர்ப்பில் வந்த வழக்கு ஆவணங்களைத்தான் படித்திருக்கிறேன். ஆனால் காற்றும் பனியும் எங்கேயும் ஒரே விதிப்படிதான் நடக்கின்றன. அந்த அளவுக்குள் நின்று சொல்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இகோர் டியாட்லவ் என்ற 23 வயது இளைஞரின் தலைமையில், யூரல் பாலிடெக்னிக் நிறுவனத்தின் மாணவர்களும் பழைய மாணவர்களும், வெளியிலிருந்து சேர்ந்த ஒரு பயண வழிகாட்டியுமாகப் பத்துப் பேர் பனிச்சறுக்குப் பயணம் கிளம்பினார்கள். உடம்பு முடியாமல் யூரி யூதின் ஜனவரி 28-ல் திரும்பிவிட்டார். மீதி ஒன்பது பேரும் பிப்ரவரி 1 மாலை, ஹோலாட் ஸ்யாக்ல் என்ற மொட்டை மலையின் சரிவில் கூடாரம் போட்டார்கள். அன்று இரவு உள்ளேயிருந்து கூடாரத்தைக் கத்தியால் கிழித்துக்கொண்டு வெளியேறினார்கள். பலர் காலில் பூட்ஸ் இல்லை. சரிவில் இறங்கி, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்த காட்டின் விளிம்புவரை போனார்கள். பிப்ரவரி 26-ல் தேடுதல் குழு கூடாரத்தைக் கண்டுபிடித்தது. ஒரு பெரிய சீடார் மரத்தடியில், அணைந்த நெருப்புக்குப் பக்கத்தில் இரண்டு உடல்கள். மரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே டியாட்லவ் உட்பட மூன்று பேர். மீதி நான்கு பேர் மே 4-ல்தான் கிடைத்தார்கள், மரத்திலிருந்து சுமார் 75 மீட்டர் தள்ளி ஓர் ஓடைப் பள்ளத்தில். ஆறு பேர் குளிரால் இறந்ததாகவும், மூன்று பேர் பலத்த உள்காயத்தால் இறந்ததாகவும் பிரேத பரிசோதனை சொன்னது. "அவர்களால் வெல்ல முடியாத ஓர் இயற்கைச் சக்தி" என்று எழுதி அந்த மே மாதமே வழக்கை மூடினார்கள்.

முதலில் அந்த எண் சண்டையைப் பார்ப்போம். அந்தச் சரிவில் வெப்பமானியும் கிடையாது, காற்றுமானியும் கிடையாது. அன்றைக்கு இத்தனை டிகிரி என்று யார் சொன்னாலும், அது தூரத்து நிலையங்களின் அளவுகளிலிருந்து கணக்குப் போட்டு எடுத்தது. 2020-ல் வழக்கை மறுபடி ஆராய்ந்த ரஷ்ய அரசு வழக்கறிஞர் அலுவலகம் மைனஸ் 40-க்கும் 45-க்கும் இடையில் என்றது. 2021-ல் ஆய்வுக் கட்டுரை எழுதிய சுவிட்சர்லாந்து பொறியியலாளர்கள் மைனஸ் 25-ஐ ஒட்டிப் பேசினார்கள். இந்த இடைவெளியைப் பார்த்து யாரோ பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். மலையில் வெப்பநிலையைக் கணக்கிடுவது அவ்வளவு சிக்கலான வேலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் குளிர்கால ராத்திரியில், வானம் தெளிந்து காற்றும் அடங்கியிருந்தால், கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கில் போய்த் தேங்கிவிடும். கீழே மைனஸ் 18, நானூறு மீட்டர் மேலே மைனஸ் 11 என்று நானே எழுதிய நாட்கள் உண்டு. காற்று வீசி எல்லாவற்றையும் கலக்கிவிட்டால் கணக்கு தலைகீழாகும், மேலேதான் குளிர் அதிகம். ஆகவே பள்ளத்தாக்கில் இருக்கிற ஊரின் அளவை எடுத்து அப்படியே மலைக்குப் பொருத்தினால், ஐந்து டிகிரி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தவறிப்போகும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மைனஸ் 25 டிகிரியில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், இன்று வானிலைத் துறைகள் பயன்படுத்தும் சூத்திரப்படி, திறந்த தோலுக்கு அது மைனஸ் 40 மாதிரி இருக்கும். சாதாரண வெப்பநிலையும் இந்த "உணரும் குளிரும்" பல கட்டுரைகளில் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. உயிர் பிழைப்பதற்கான கணக்கில், அந்த ராத்திரி மைனஸ் 25-ஆ மைனஸ் 40-ஆ என்பது பெரிதில்லை. கையுறை இல்லாத விரல் பத்து நிமிடத்துக்குள் உறைய ஆரம்பிக்கும் நிலைமை அது. எண்ணைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

காற்றைப் பற்றி நமக்கு ஒரு நேரடிச் சாட்சி இருக்கிறது, இறந்தவர்களின் நாட்குறிப்பு. ஜனவரி 30-ல் அவர்கள் முறையாக வானிலை எழுதியிருக்கிறார்கள்: காலை மைனஸ் 17, பகலில் மைனஸ் 13, மாலை மைனஸ் 26. தென்மேற்குக் காற்று பலம், அடர்ந்த மேகம், பனி விழத் தொடங்கியது, குளிர் திடீரென்று ஏறுகிறது என்று குறிப்பு. மறுநாள் 31-ல் எழுதியது டியாட்லவ். வானிலை கொஞ்சம் மோசம், மேற்குக் காற்று, பனி விழுகிறது, ஆனால் வானம் முழுக்கத் தெளிவாக இருப்பதால் இது மரங்களிலிருந்து உதிர்கிற பனியாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதுகிறார். அந்த வரியைப் படித்தபோது எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. நல்ல நோக்கர் எழுதுகிற வரி அது. பனி விழுகிறது என்று எழுதிவிட்டு நகராமல், நிமிர்ந்து வானத்தைப் பார்த்து, இது எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறார். அதே குறிப்பில் மேடேறிக் கணவாய் விளிம்புக்குப் போனபோது அடித்த காற்றையும் சொல்கிறார்: மேற்குக் காற்று, கதகதப்பானது, ஆனால் துளைக்கிறது, விமானம் மேலெழும்பும்போது அடிக்கிற காற்றைப் போன்ற வேகம். தரையில் இறுகிய பனியும், வெற்றுத் திட்டுகளும் இருந்தனவாம். அன்று அவர்கள் மேலே தங்காமல் கீழே காட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

இதிலிருந்து நிச்சயமாகச் சொல்லக்கூடியவை இரண்டு. காற்று மேற்கிலிருந்து வந்தது. கூடாரம் போட்ட சரிவோ மலையின் கிழக்குப் பக்கம், அதாவது காற்றுக்கு மறைவான பக்கம். மேற்குச் சரிவிலிருந்து காற்று வாரிய பனியெல்லாம் முகட்டைத் தாண்டி வந்து இறங்குகிற இடம் அதுதான். இரண்டாவது, அந்த மலை காற்றால் துடைத்து வைத்த மலை. மான்சி பழங்குடியினரின் மொழியில் ஹோலாட் ஸ்யாக்ல் என்ற பேருக்கு "இறந்த மலை" என்று அர்த்தம் சொல்லிப் பலர் பயமுறுத்துவார்கள். அங்கே மரமும் இல்லை, வேட்டைக்கு விலங்கும் இல்லை, அதனால் வந்த பெயர். 31-ல் கதகதப்பான காற்று அடித்து அப்புறம் கடுங்குளிர் வந்தது என்றால், ஒரு தாழ்வழுத்தம் கடந்துபோய் அதன் பின்னால் ஆர்க்டிக் காற்று உள்ளே நுழைந்திருக்கலாம் என்று எந்த முன்கணிப்பாளரும் ஊகிப்பார். ஊகம்தான். ஆனால் சொல்லக் கூச்சப்பட வேண்டிய ஊகமில்லை.

பிப்ரவரி 1-க்கு நாட்குறிப்பு இல்லை. அதன் இடத்தில் புகைப்படங்கள் இருக்கின்றன. விசாரணையில் செய்த மிக நல்ல வேலை என்று நான் நினைப்பது இதைத்தான்: கூடாரத்துக்காகப் பனியை வெட்டுகிற கடைசிப் படத்தை எடுத்து, கேமரா திறந்திருந்த நேரம் 1/25 வினாடி, லென்ஸின் துளை 5.6, பிலிமின் உணர்திறன் 65 என்பதையும், பிலிமில் விழுந்திருக்கிற கருமையையும் வைத்து, வெளிச்சத்தைக் கணக்கிட்டு, கூடாரம் போட ஆரம்பித்தது மாலை ஐந்து மணி வாக்கில் என்று முடிவுக்கு வந்தார்கள். அந்த அட்சரேகையில் பிப்ரவரி முதல் நாள் சூரியன் மறைவதும் ஏறக்குறைய அதே நேரம்தான், ஆகவே அந்த முடிவு பொருந்துகிறது. ஆனால் பனி கொட்டும்போது வெளிச்சம் எவ்வளவு மங்கும் என்பதை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது, அரைமணி முன்பின் இருக்கலாம். படத்தில் நான் பார்ப்பது வேறு ஒன்று. சில அடி தள்ளி நிற்கிறவர்களே கலங்கலாகத் தெரிகிறார்கள், காற்றில் பனி படுக்கையாகப் பறக்கிறது. மேகத்திலிருந்து விழுகிற பனியா, தரையிலிருந்து காற்று வாரியதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டில் எதுவானாலும் கண்ணுக்குப் பத்து இருபது மீட்டருக்கு மேல் ஒன்றும் தெரியாத நிலைமை.

நிலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். வானிலையைப் போல இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. 1959 பிப்ரவரி 7-ல் அமாவாசை. நம் கணக்கில் தை அமாவாசைக்கு ஆறேழு நாள் முந்தைய தேய்பிறை. நடுநிசி தாண்டும்வரை அந்த மலையில் நிலவே உதித்திருக்காது. வானம் தெளிந்திருந்தால் நட்சத்திர வெளிச்சம், இல்லாவிட்டால் கும்மிருட்டு. கடைசியாகச் சாப்பிட்டு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் இறந்தார்கள் என்று மருத்துவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், கூடாரத்தை விட்டு வெளியேறியது அந்த இருட்டிலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி நான் மிகவும் மதிக்கிற சாட்சி: காலடித் தடங்கள். கூடாரத்திலிருந்து கீழ்நோக்கி, எட்டு அல்லது ஒன்பது பேரின் தடங்கள் சுமார் 500 மீட்டர்வரை தெரிந்தன. இருபத்தைந்து நாள் கழித்து! இது எப்படி முடியும் என்று பலர் கேட்கிறார்கள், சிலர் இதையே சதிக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்தத் தடங்கள் பள்ளமாக இல்லை, மேடாக நின்றன. இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பிப்ரவரியில், எங்கள் நோக்குக் கூடத்திலிருந்து பனிக்கம்பம் பார்க்கப் போய்வந்த பாதையில் புதுப்பனி கணுக்கால்வரை இருந்தது. அன்று இரவு தொடங்கி மூன்று நாள் காற்று. நாலாம் நாள் போய்ப் பார்த்தால், நாங்கள் நடந்த தடம் அகல்விளக்கைக் கவிழ்த்து வரிசையாக வைத்த மாதிரி தரையிலிருந்து எழும்பி நிற்கிறது. கால் அழுத்தின இடத்தில் பனி இறுகிவிடும். சுற்றியிருக்கிற உதிரிப்பனியைக் காற்று அரித்துக்கொண்டு போகும், இறுகியது மட்டும் நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

இந்த மேட்டுத் தடங்கள் நான்கு சேதி சொல்கின்றன. அவர்கள் நடந்தபோது பனி மிதித்தால் அமுங்குகிற மாதிரி மென்மையாக இருந்தது. அதன்பிறகு அந்தத் திறந்த சரிவில் பனி சேர்ந்ததைவிட அரித்தது அதிகம். தடங்கள் இருந்த பகுதியைத் துடைத்துக்கொண்டு போகிற பெரிய பனிச்சரிவு எதுவும் பிறகு வரவில்லை. நான்காவது என் மனதை எப்போதும் பிசைவது: தேடியவர்கள் பார்த்தவரை தடங்கள் தறிகெட்டு ஓடியவர்களுடையது போல இல்லை, சேர்ந்து நடந்தவர்களுடையது போல இருந்தன. இருட்டில், காலில் சாக்ஸோடு, ஒருவரையொருவர் தவறவிடாமல் இறங்கியிருக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஓடைப் பள்ளம். நான்கு பேரின் உடல்கள்மேல் மே மாதம் கிட்டத்தட்ட நான்கு மீட்டர்வரை பனி இருந்தது. ஒரே மலை, ஒரே குளிர்காலம். மேலே தடங்கள் அரிபட்டு எழும்பி நிற்கின்றன, கீழே நான்கு மீட்டர் சேர்ந்திருக்கிறது. மேலேயிருந்து வாரியதைக் காற்று கீழே பள்ளத்தில் கொட்டியிருக்கிறது. ஆகவே பள்ளத்தில் இருந்த நான்கு மீட்டரை வைத்து "அன்றிரவு பயங்கரப் பனிப்பொழிவு" என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம், அது மூன்று மாதக் காற்றின் கணக்கு. அதேபோல், கூடாரத்தின்மேல் பிப்ரவரி 26-ல் கொஞ்சம் பனிதான் இருந்தது என்பதை வைத்து "பனிச்சரிவே கிடையாது" என்று சொல்வதும் தப்பு. அந்த இருபத்தைந்து நாளில் காற்று எதை வைத்தது, எதை எடுத்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த வழக்கில் பனி சம்பந்தமான வாதங்களில் பாதி இந்த ஒரு இடத்தில் சறுக்கி விழுகின்றன. கண்டுபிடித்த நாளின் பனியை, இறந்த நாளின் பனியாக எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

சரி, இதுவரை சொன்னதை வைத்து எதை உறுதியாகச் சொல்லலாம்? கூடாரத்தை விட்டு இறங்கிய பிறகு அவர்கள் ஏன் பிழைக்கவில்லை என்பதை வானிலையே சொல்லிவிடுகிறது. அதற்கு வேறு யாரும் தேவையில்லை. சீடார் மரத்தில் ஐந்து மீட்டர் உயரம்வரை கிளைகள் முறிந்திருந்தன, நெருப்புக்காக ஏறி ஒடித்திருக்கிறார்கள். பள்ளத்தில் ஃபிர் கிளைகளைப் பரப்பி உட்கார இடம் செய்திருக்கிறார்கள். கூடாரத்துக்குத் திரும்பி ஏறினவர்களாகத் தெரிகிற மூன்று பேர், மரத்திலிருந்து 300, 480, 630 மீட்டர் தூரங்களில் விழுந்து கிடந்தார்கள். ஏறுகிற திசைதான் காற்று வருகிற திசை. ஈரமான சாக்ஸ், எதிர்க்காற்று, இருட்டு. அந்த 630 மீட்டர் போனதே எனக்கு ஆச்சரியம், அங்கே கிடந்தது ஸினைடா கோல்மகோரோவா என்ற பெண். பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு சம்பவம் உண்டு. 1978 பிப்ரவரியில் சுவீடனின் அனாரிஸ் மலையில் ஒன்பது பேர் பனிச்சறுக்குப் போனார்கள். திடீர்ப் புயல்காற்றில் சிக்கி எட்டுப் பேர் இறந்தார்கள். ஒருவர் பிழைத்து வந்து நடந்ததைச் சொன்னதால் அதை யாரும் மர்மம் என்று சொல்வதில்லை. 1973 ஜனவரியில் கோலா தீபகற்பத்தில் பத்து மாணவர்கள் குளிர்காற்றில் இறந்தார்கள். டியாட்லவ் குழுவில் ஒரே ஒருவர் பிழைத்திருந்தால், நாம் இதைப் பற்றி இன்று பேசிக்கொண்டே இருக்க மாட்டோம் என்று தோன்றும்.

ஆனால் அவர்கள் ஏன் வெளியேறினார்கள்? இங்கேதான் வானிலை பாதி சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. 2019-ல் மறுபடி திறந்த விசாரணை, பனிச்சரிவு, பனிப்பலகை (இறுகிய மேல் அடுக்கு பலகையாகப் பெயர்ந்து விழுவது), சூறைக்காற்று என்ற மூன்று இயற்கைக் காரணங்களை மட்டுமே எடுத்துக்கொண்டு, 2020 ஜூலையில் பனிச்சரிவு என்று அறிவித்தது. பனிச்சரிவுக்குப் பயந்து ஐம்பது மீட்டர் தள்ளி ஒதுங்கினார்கள், திரும்பிப் பார்த்தால் கூடாரம் தெரியவில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிந்த தூரம் 16 மீட்டர்தான் என்றார்கள். கூடாரம் கண்ணில் படவில்லை என்பதை நான் முழுக்க நம்புகிறேன். ஆனால் பதினாறு என்ற எண்ணை நான் எழுத மாட்டேன். கருவியோடு அங்கேயே நின்றிருந்தாலும், பறக்கிற பனியில் பதினைந்துக்கும் முப்பதுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம், அது நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

முன்பு சொன்ன சுவிட்சர்லாந்து பொறியியலாளர்கள் ஜொஹான் கோம், அலெக்சாண்டர் பூஸ்ரின் இரண்டு பேரும் 2021-ல் வெளியிட்ட கணக்கு இதைவிடக் கவனமானது. அந்தச் சரிவு சராசரியாக 23 டிகிரிதான், பனிச்சரிவுக்கு 30-க்கு மேல் வேண்டும், அதனால் அங்கே பனிச்சரிவு வராது என்பது பழைய மறுப்பு. அவர்கள் சொன்னது: கூடாரத்துக்கு மேலே, பனி மூடி மட்டமாகத் தெரிகிற இடத்தில், உள்ளே நிலம் 28 டிகிரிவரை சாய்ந்திருந்தது. கூடாரத்துக்காகப் பனியை வெட்டியதில் மேல் அடுக்குக்குக் கீழிருந்த பிடிமானம் போய்விட்டது. அப்புறம் காற்று முகட்டிலிருந்து பனியை இறக்கி இறக்கிப் பாரம் ஏற்றியது. வெட்டிய பிறகு ஏழரை முதல் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் ஒரு சின்னப் பலகை பெயர்ந்து விழுந்திருக்கலாம். குழி வெட்டிய அனுபவத்தில் சொல்கிறேன், இதில் எனக்கு அந்நியமாகப் படுவது எதுவுமில்லை. குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த பனி அடியில் சர்க்கரை மாதிரி உதிர்மணிகளாக மாறிக் கிடக்கும், ஒன்றோடொன்று ஒட்டாது. அதன்மேல் காற்று அடித்து இறுக்கிய பனி கடப்பாக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். மண்வெட்டியால் ஒரு பக்கம் வெட்டினால், "ஹூம்" என்று ஒரு ஓசையோடு மொத்தப் பலகையும் அமரும். அந்த ஓசையைக் கேட்டவன் மறக்க மாட்டான். மேற்குக் காற்று, கிழக்குச் சரிவு, காலம் தாழ்த்தி ஏறிய பாரம் மூன்றும் நாட்குறிப்போடு பொருந்துகின்றன. அடுத்த வருடங்களில் அங்கே போன பயணக் குழுக்கள் பக்கத்துச் சரிவுகளில் பலகைச் சரிவின் அடையாளங்களைப் பார்த்ததும் உண்மை.

இருந்தாலும் அந்தக் கட்டுரை காட்டுவது "நடந்திருக்க முடியும்" என்பதைத்தான். அதை எழுதியவர்களே மர்மத்தைத் தீர்த்துவிட்டோம் என்று சொல்லவில்லை, செய்தித்தாள்கள்தான் சொன்னன. எனக்கு இடிக்கிற இடம் காயங்கள். பனிப்பலகை கூடாரத்திலேயே விழுந்து, படுத்திருந்தவர்களின் விலா எலும்புகளை நொறுக்கியது என்றால், மண்டை உடைந்த ஒருவரும் மார்பு நொறுங்கிய இரண்டு பேரும் ஒன்றரைக் கிலோமீட்டர் எப்படி இறங்கினார்கள்? தடங்களில் ஆளை இழுத்துக்கொண்டு போன அடையாளம் பதிவாகவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள் என்று வாதிடலாம். ஆனால் பள்ளத்தில் அவர்கள் உட்கார இடம் செய்த பக்கத்திலேயே, ஓடையின்மேல் நின்றிருந்த பனிக்கூரை உடைந்து பாறையில் விழுந்திருந்தாலும் இதே காயங்கள் வரும். மருத்துவம் என் துறையில்லை, ஆகவே இதை அழுத்திச் சொல்ல மாட்டேன். பனியைப் பற்றிச் சொல்லலாம்: ஓடும் நீருக்கு மேலே காற்று சேர்த்துவைத்த பனி, மலையில் மிக நம்பத்தகாத பனி.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வானத்தில் தெரிந்த ஒளிக்கோளங்கள் பற்றிய சாட்சியங்கள் வழக்கில் இருக்கின்றன, ஒரு வானிலைப் பணியாளரே ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அது பிப்ரவரி 17-ம் தேதி, இறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு. ஒருவருக்கு நாக்கு இல்லை, கண் இல்லை என்பதற்குக் கொலைகாரனைத் தேட வேண்டாம், பனி உருகி ஓடும் ஓடையில் பல நாள் கிடந்த உடல் அது. மலையைச் சுற்றிக் காற்று சுழன்று காதுக்குக் கேட்காத தாழ்ஒலியை உண்டாக்கி அவர்களைப் பீதியடையச் செய்தது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. அப்படி ஒலி உண்டாகலாம், ஆனால் நடுக்காட்டில் அனுபவம் உள்ள ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் அதனால் பித்துப்பிடித்தார்கள் என்பதற்கு வானிலையில் ஒரு துண்டு ஆதாரமும் இல்லை. அதோடு, அந்தச் சேர்ந்து நடந்த தடங்கள் பீதியைச் சொல்லவில்லை. உடைகளில் இருந்த கதிரியக்கத்துக்கு வானிலையிடம் பதில் கிடையாது.

ஆகவே என் மதிப்பீடு இப்படி. பலமான மேற்குக் காற்று, இருட்டு, பறக்கும் பனி, மைனஸ் 25-ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ போன குளிர், இவை உறுதி அல்லது உறுதிக்கு மிகப் பக்கம். இறங்கியவர்களைக் கொன்றது இவைதான். கூடாரத்தின்மேல் பனி சரிந்தது அல்லது சரியப்போகிறது என்று அவர்கள் நினைத்தது, இருக்கிற விளக்கங்களில் எனக்கு முதலாவது. பத்துக்கு ஆறு என்று வைப்பேன், அதற்கு மேல் வைக்க மாட்டேன். பெரிய சரிவு வர வேண்டியதில்லை, அந்த "ஹூம்" ஓசை வந்து துணி முகத்தில் அழுந்தினாலே போதும், வாசலைத் தேடாமல் கத்தியை எடுப்பார்கள். ஆனால் கூடாரக் கம்பம் ஒன்று நின்றபடியே இருந்ததும், அங்கே சரிவின் அடையாளம் தெரியவில்லை என்று தேடியவர்கள் சொன்னதும் இந்த மதிப்பீட்டுக்கு எதிராக நிற்கின்றன. அவற்றை நான் ஒதுக்கவில்லை.

அப்படியானால் இன்னும் எந்த ஆதாரம் கிடைத்தால் தீரும் என்று நீங்கள் கேட்கலாம். அது கிடைக்கிற காலம் போய்விட்டது. பிப்ரவரி 26-ல் கூடாரத்தைக் கண்டவர்கள் மாணவர்கள், உள்ளே நண்பர்கள் உயிரோடு இருப்பார்களோ என்ற தவிப்பில் பனிக்கோடாரியால் துணியைப் பிளந்து பார்த்தார்கள். அவர்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அப்புறம் பல பேர் அந்தச் சரிவை மிதித்தார்கள், நீளக் கம்பிகளால் குத்தித் தேடினார்கள். கூடாரத்துக்கு மேல்பக்கம், யாரும் மிதிக்காத நாலைந்து மீட்டர் தள்ளி, ஒருவர் இடுப்பளவு ஒரு குழி வெட்டி, சுவரைக் கையால் வழித்து, எந்த அடுக்கு இறுகியிருக்கிறது, எது உதிர்கிறது, எங்கே ஒரு அடுக்கு பாதியில் அறுந்து நிற்கிறது என்று ஒரு தாளில் வரைந்திருந்தால் போதும். பழகின கைக்கு முக்கால் மணி நேர வேலை. அப்படி வரைந்த தாள் எதையும் நான் படித்த ஆவணங்களில் பார்க்கவில்லை. அந்த வசந்தத்தில் பனி உருகி, ஓடையில் போய்விட்டது.